கரட்டில் ஏறி ஆற்றோரம் திரும்பும் அரைநாள் நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குச் பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் புழை ஆற்றின் கடவில், அதாவது ஆற்றை இறங்கிக் கடக்கும் துறையில், ஆறு பையன்களைப் பார்த்தேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்தவர்கள். தென்கரையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, ஷூவைக் கழற்றி லேஸை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு, பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டி, ஆற்றில் இறங்கத் தயாராக நின்றார்கள். கரடு, அதாவது மொட்டைப் பாறைக் குன்று, இருப்பது வடகரையில். அதில் ஏறிப் பாறை விளிம்பு ஓரமாகவே கிழக்கே போய், இட்டேரி (இரண்டு பக்கமும் வேலி ஓடும் வண்டிப்பாதை) வழியாக இறங்கி, ஆற்றோரமாகத் திரும்பி வந்து, மத்தியானம் அதே கடவில் மறுபடி ஆற்றைக் கடந்து வண்டியை எடுக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். போனில் அழகாக ஒரு வட்டம் வரைந்து வைத்திருந்தார்கள். 11 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்று போன் சொல்லியிருந்தது.

அந்த வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் நான் காகிதத்தில் வரைந்த வட்டம் அச்சு அசலாக அதேதான். அதே கடவு, அதே கரடு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிற அதே கணக்கு. பையன்களை நிறுத்திவைத்துப் பேசி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து நம் ஆட்களும் சரி, பொள்ளாச்சி, கோயமுத்தூரிலிருந்து வருகிறவர்களும் சரி, இந்த மாதிரி நடைக்கு இப்போது நிறையப் பேர் கிளம்புகிறார்கள். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். ஆனால் ஒரே தவறை வருடா வருடம் புதிதாக ஒருவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தொப்பி போடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள், புது ஷூவோடு வராதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை எல்லோரும் எழுதியாகிவிட்டது.

போன் சொல்லும் நேரத்தை நம்புவது

1892இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கலாம், அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அது. நடைக்காரர்கள் இன்றைக்கும் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் கரடு மொத்தமே நூற்றைம்பது மீட்டர் ஏற்றம்தான் இருக்கும், அதற்கு என்ன பெரிய நேரம் ஆகிவிடும் என்று தோன்றும். ஏற்றத்துக்கு ஆகாது. விளிம்புக்குத்தான் ஆகும். பாறைக்குப் பாறை கால் வைத்துப் போகிற இடத்தில் யாராக இருந்தாலும் மணிக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான். நடுவில் நின்று பார்ப்பீர்கள், படம் எடுப்பீர்கள், ஒருவர் ஷூவில் முள் ஏறும். 11 கிலோமீட்டருக்கு நான் ஐந்தரை மணி நேரம் வைப்பேன். ஆறு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றரை. ஏழரைக்குக் கிளம்பினால் ஒரு மணி. ஒன்பது மணிக்கு, அதுவும் டீக்கடையில் பூரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அது அரைநாள் நடையே இல்லை.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழையும் ஐப்பசி, கார்த்திகையில் வரும் துலா மழையும் இங்கே மத்தியானத்துக்கு மேல்தான் இடியோடு இறங்கும். அந்த மாதங்களில் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மின்னலுக்குக் கவனமாக இருக்கச் சொல்லிக் கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையமே அறிவிப்புக் கொடுக்கும். மொட்டைக் கரட்டில் ஒடைமரம் கூட இடுப்பு உயரம்தான். அங்கே நிற்கிறவர் தலைதான் எல்லாவற்றையும் விட உயரம். ஒரு மணிக்கு மேல் யாரும் விளிம்பில் இருக்கக் கூடாது.

ஆற்றிலிருந்து தொடங்குவது

வட்டம் என்றால் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். ஒன்றில்லை. ஆற்றோரத்தில் மருத மரமும் புங்கையும் நிற்கும். பன்னிரண்டு மணிக்கும் நிழலில் நடக்கலாம். கரட்டில் நிழலே கிடையாது. பாலக்காட்டில் பங்குனி, சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர். பதினோரு மணிக்குப் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுவீர்கள். அந்தச் சூடு ஷூவின் அடி வழியாக ஏறி உள்ளங்காலைப் பொரிக்கும். அதனால் பாறை முதலில், ஆறு கடைசியில்.

இன்னொரு விஷயம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன இடைவெளிதான் நம் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் மேல்காற்றும், மார்கழி, தையில் கீழ்க்காற்றும் இந்த வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. தரையில் நிற்கும்போது சுகமாக இருக்கிற காற்று விளிம்பில் ஆளைத் தள்ளும். முதுகில் பெரிய பையோடு விளிம்பை ஒட்டி நடக்கிறவரை அது பாய்மரம் மாதிரி பிடித்து இழுக்கும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்து, விளிம்பிலிருந்து இரண்டு ஆள் நீளமாவது உள்ளே தள்ளி நடங்கள்.

பொருக்குப் பாறையில் நிற்பது

நம் கரடுகளின் பாறை வெங்காயம் மாதிரி. வெயிலிலும் மழையிலும் மேல்தோல் தகடு தகடாகப் பிரிந்து வரும். பார்வைக்கு அடிப்பாறையோடு ஒட்டின மாதிரியே கிடக்கும், இடையில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குச் சந்து இருக்கும். படம் எடுக்க விளிம்புக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தகட்டின் மேல்தான் போய் நிற்கிறார்கள், ஏனென்றால் அதுதான் சமதளமாக இருக்கிறது. நிற்பதற்கு முன் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். அடிப்பாறை என்றால் சத்தமே வராது, குதிகால்தான் வலிக்கும். பொருக்கு என்றால் பானையைத் தட்டின மாதிரி ‘டொப்’ என்று கேட்கும். கேட்டால் பின்னால் வாருங்கள்.

மழை முடிந்த மாதங்களில் பாறையில் கறுப்புக் கோடுகள் ஓடியிருக்கும். தண்ணீர் வழிந்த தடம் அது, பாசி காய்ந்து கறுத்தது. காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. காலைப் பனி பட்டால் போதும், சோப்புத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். காய்ந்த புல்லும் அப்படித்தான். சரிவில் புல்லை மிதிப்பதற்குப் பதில் பக்கத்தில் வெறும் பாறையை மிதிப்பது மேல்.

ஏறின இடத்திலேயே இறங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஏறும்போது கையும் முழங்காலும் உதவுகின்றன, கால் வைக்கும் இடம் கண்ணெதிரே தெரிகிறது. இறங்கும்போது இரண்டும் இல்லை.

மலைத்தேனீ

விளிம்புக்குக் கீழே முறம் முறமாகத் தொங்கும். அங்கே புகை வேண்டாம், சென்ட் வேண்டாம், கல்லெறி வேண்டவே வேண்டாம்.

காலையில் கடந்த ஆற்றை மத்தியானமும் கடக்கலாம் என்பது

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

வெளியூர்க்காரர்கள் ஆற்றைப் பார்த்ததும் வானத்தைப் பார்க்கிறார்கள். மேகம் இல்லை, மழை இல்லை, அதனால் தண்ணீர் ஏறாது என்று முடிவு கட்டுகிறார்கள். போன ஞாயிறு அந்தப் பையன்களில் ஒருவன் என்னிடம் சொன்ன வார்த்தையும் அதுதான்: “வானம் பளிச்சுனு இருக்குதுங்கண்ணா.” இருக்கலாம். இந்த ஆற்றுத் தண்ணீர் நம் தலைக்கு மேலிருக்கிற வானத்திலிருந்து வருவதில்லை. நாம் சித்தூர் புழை என்று சொல்கிற இதே ஆறுதான் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆழியாறு. ஆனைமலையில் பெய்கிற மழை அங்கே 120 அடி அணையில் தேங்குகிறது. இரண்டு மாநிலங்களும் 1970இல் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீரை எல்லையை ஒட்டிய மணக்கடவில் அளந்து கேரளத்துக்கு விட வேண்டும். அந்தத் தண்ணீர் மூலத்தறை ரெகுலேட்டர் என்கிற ஷட்டர் வைத்த தடுப்பணைக்கு வந்து, வலக்கரை, இடக்கரை வாய்க்கால்களுக்குப் பிரிந்தது போக மிச்சம் ஆற்றில் இறங்கும். அணை நிரம்பினால் உபரி நீர் தனியாக வரும். போதாக்குறைக்குப் பாலாறு, உப்பாறு என்று வழியில் வந்து சேர்கிற ஆறுகள் வேறு. பொள்ளாச்சிக்குத் தெற்கே ராத்திரி பெய்த மழை உங்கள் முழங்காலைத் தொடும்போது உங்களுக்கு மத்தியான வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

ஆக, கடவில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்பதை முடிவு செய்வது மேலே எங்கேயோ ஒரு ஷட்டர். அது எப்போது திறக்கும் என்று கரட்டின் மேல் நிற்கிற உங்களுக்குத் தெரியப் போவதில்லை. 2024 ஜூலையில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த நாலு பேர் இந்த ஆற்றில் குளிக்க இறங்கி, தண்ணீர் திடீரென்று கூடி நடுப்பாறையில் மாட்டிக்கொண்டதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். சுற்றிலும் செம்மண் நிறத் தண்ணீர், நடுவில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்த நாலு பேர். தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி உள்ளே போய்க் கரை சேர்த்தார்கள். அவர்கள் இறங்கும்போதும் தண்ணீர் சாதுவாகத்தான் இருந்திருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். ஐப்பசி மாதம், மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. நான், என் தாய்மாமா, அவர் மகன், என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் என்று ஐந்து பேர். தென்கரையில் மாமாவுக்குத் தெரிந்தவருடைய தென்னந்தோப்பில் வண்டிகளை நிறுத்தினோம். தூக்குப்போசியில் அத்தை கொடுத்துவிட்ட தக்காளிச் சோறும், மாமாவின் மாத்திரை டப்பாவும் வண்டிப் பெட்டிக்குள். மத்தியானம் இங்கேதானே வரப்போகிறோம், எதற்குச் சுமை என்று நான்தான் சொன்னேன். மாமாவுக்கு அப்போது 56 வயது, சர்க்கரை வந்து பத்து வருடம். காலையில் மாத்திரை போட்டு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். கடவில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, அடியில் மணல் தெரிந்தது. எதிர்க்கரையில் எருமை முதுகு மாதிரி ஒரு பாறை. அதில் உட்கார்ந்து காலைத் துடைத்து ஷூ மாட்டிக்கொண்டோம். அந்தப் பாறையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடை அருமையாக இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பி அதே கடவுக்கு வந்தோம். பாறையைக் காணோம். இடம் மாறி வந்துவிட்டோமா என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் பாறை இருந்த இடத்தில் தண்ணீர் ஒரு மேடு மாதிரி எழும்பி, அதற்குப் பின்னால் சுழித்துக்கொண்டு ஓடியது. நிறம் டீ மாதிரி. பனையோலைச் சருகும் நுரையும் வரிசையாக மிதந்து போயின. காலையில் கேட்ட சலசலப்புச் சத்தமும் இல்லை. கற்களெல்லாம் மூழ்கிவிட்டால் ஆறு சத்தமில்லாமல் கனமாக ஓடும், அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. சத்தம் குறைந்ததைப் பார்த்து வேகமும் குறைவு என்று நினைத்தேன்.

“இடுப்பளவுதான் இருக்கும், கை கோத்துட்டுப் போயிரலாம் வாங்க மாமா” என்று நான் முன்னால் இறங்கினேன். ஷூவோடுதான் இறங்கினோம், அவசரம். பத்தடி போவதற்குள் இடுப்பு. பதினைந்தடியில் என் காலுக்கு அடியிலிருந்து மணல் நகர்ந்தது. நான் நகரவில்லை, மணல் நகர்ந்தது, அதுதான் பயங்கரம். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நாலு மடங்காகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் தொடையில் உணர்ந்தேன். மணல் அள்ளின குழிகள் வேறு ஆற்றுக்குள் எங்கெங்கோ இருக்கும், காலையில் தெளிந்த தண்ணீரில் ஒதுங்கிப் போனோம், இப்போது எதுவும் தெரியவில்லை. மாமா மகன் ஒரு பக்கம் சாய்ந்தான். அவனைப் பின்னால் வந்தவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். எப்படித் திரும்பிக் கரையேறினோம் என்று வரிசையாகச் சொல்ல எனக்கு இப்போதும் வராது.

சரி, பிழைத்தோம். அதோடு முடியவில்லை. பாலத்துக்குப் போகக் கிழக்கே ஏழு கிலோமீட்டர், பாலத்தைத் தாண்டித் தென்கரையில் திரும்பி வர இன்னொரு ஏழு. சோறு அக்கரையில், மாத்திரை அக்கரையில், பணம் எல்லாம் நனைந்து ஒன்றாக ஒட்டிக் கிடக்கிறது. வண்டிப்பாதையில் நாலாவது கிலோமீட்டரில் மாமாவுக்குக் கை நடுங்கியது, சட்டை நனைந்தது வியர்வையில். பேச்சு குழறியது. காலையில் போட்ட மாத்திரைக்குச் சாப்பாடு இல்லாமல் சர்க்கரை இறங்கிவிட்டது. ஒரு பனை மரத்தடியில் உட்கார வைத்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து கருப்பட்டியும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்தார். கருப்பட்டியைக் கல்லில் உடைத்துத் துண்டு துண்டாக அவரே மாமா வாயில் வைத்தார். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. அந்த அம்மாவை மாமா அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் சேலையோடு போய்ப் பார்க்கிறார்.

ஈர ஷூ, உள்ளே ஆற்று மணல், அதோடு அத்தனை தூரம். சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும், கொப்புளம் வந்ததே மாமாவுக்குத் தெரியவில்லை. ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போது இரத்தத்தைப் பார்த்து அத்தைதான் கத்தினார். கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல், இரண்டு மாதம் கட்டுப் போட்டும் கேட்காமல், கடைசியில் வலது கால் சுண்டு விரலை எடுத்தார்கள். மாமா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாசலில் அவர் செருப்பு மாட்டும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது எனக்குக் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். அந்தக் கடவை அதற்கு முன் நான் எட்டொன்பது தடவை கடந்திருக்கிறேன். ஒரு தடவையும் தண்ணீர் ஏறியதில்லை. இந்தத் தவறு ஓயாமல் திரும்பத் திரும்ப நடப்பதற்கு அதுதான் காரணம். பத்துத் தடவையில் ஒன்பது தடவை ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாதவர்கள்தான் தங்கள் வட்டத்தைப் படமாகப் போட்டு, ‘சின்ன ஆறு, ஈஸியாகக் கடக்கலாம்’ என்று எழுதுகிறார்கள். அதைப் பார்த்துப் பத்துப் பேர் வருகிறார்கள். எழுதுகிறவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: ஆற்றைக் கடக்கிற வட்டத்தைப் போடாதீர்கள். போட்டால் எந்த மாதம், எவ்வளவு தண்ணீர், பாலம் எங்கே என்பதைச் சேர்த்துப் போடுங்கள்.

வட்டம் முழுக்க ஒரே கரையில் இருக்க வேண்டும். கரடு வடகரையில் இருந்தால் வண்டியும் வடகரையில். அக்கரையும் வேண்டுமென்றால் இரண்டு பாலங்களுக்கு நடுவில் வட்டம் போடுங்கள், ஏழு கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை. தடுப்பணை மேல் தண்ணீர் வழிகிறபோது அதன் மேல் நடப்பதும் கடப்பதுதான், அதையும் செய்யாதீர்கள். மாத்திரை, ஒரு வேளைச் சோறு, கொஞ்சம் வெல்லம், இது மூன்றும் உடம்போடு இருக்க வேண்டும், வண்டியில் இல்லை.

குளிக்க இறங்குகிறவர்கள் இறங்குவதற்கு முன் தண்ணீர் தொடுகிற இடத்தில் ஒரு கல்லை நட்டு வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். கல் நனைந்தால், தண்ணீர் கலங்கினால், சருகு நிறைய வந்தால், சத்தம் மாறினால், சோப்பு அங்கேயே கிடக்கட்டும் என்று எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். கரையேறும்போது உங்கள் கரைக்கு ஏறுங்கள். துணி அக்கரையில் இருக்கிறது என்று அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அந்த ஆறு பையன்களும் முணுமுணுத்துக்கொண்டேதான் பாலம் சுற்றி வண்டியை வடகரைக்குக் கொண்டு வந்தார்கள். முக்கால் மணி நேரம் போனது. போவதற்கு முன் கடவில் ஒரு கல்லை நட்டு வைக்கச் சொன்னேன். மத்தியானம் ஒன்றரைக்குத் திரும்பி வரும்போது என்னைப் போனில் கூப்பிட்டார்கள். கல் அப்படியே காய்ந்து கிடக்கிறதாம். “கடந்திருக்கலாமேங்கண்ணா” என்றான் ஒருவன். கடந்திருக்கலாம்தான் தம்பி. நானும் எட்டொன்பது தடவை கடந்தேன்.

கரட்டிலிருந்து ஆறு தெரிகிறதே என்று குறுக்கே இறங்குவது

விளிம்பில் நிற்கும்போது ஆறு காலடியில் கிடக்கிற மாதிரி தெரியும். இட்டேரி வழியாகச் சுற்றினால் இரண்டு கிலோமீட்டர், நேராக இறங்கினால் அரைக் கிலோமீட்டர் என்று மனது கணக்குப் போடும். நடுவில் தோட்டம் இருக்கிறது, வயல் இருக்கிறது, காட்டுப்பன்றிக்காகக் கட்டின கம்பி இருக்கிறது. சோலார் வேலி என்றால் ஒரு அடி அடித்து விட்டுவிடும். சிலர் சட்டத்துக்கு மாறாக நேராக மின்சாரத்தைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அது விடாது. 2022 மே மாதம் முட்டிக்குளங்கரை முகாமைச் சேர்ந்த இரண்டு போலீஸ்காரர்கள் வயலில் இப்படித்தான் செத்தார்கள். 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் இரண்டு இளைஞர்கள். எல்லாம் பாலக்காட்டைச் சுற்றித்தான். கம்பி கணுக்கால் உயரத்தில், புல்லோடு புல்லாக, துருப்பிடித்துத் தெரியாமல் ஓடும். இட்டேரியை விட்டு இறங்காதீர்கள். வழி தெரியவில்லை என்றால் கிளுவை வேலிக்கு வெளியே நின்று தோட்டத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தமிழிலேயே பதில் சொல்வார்கள், பெரும்பாலும் கூடவே நடந்து வந்து வழி காட்டிவிட்டும் போவார்கள்.

மழைக்கு மறுநாள் கரிசலில் நடப்பது

கேரளத்தில் கரிசல் மண் என்றால் சித்தூர் தாலுக்காதான். ஈரக் கரிசலில் நூறடி நடந்தால் ஒவ்வொரு ஷூவும் ஒரு செங்கல் கனம் ஆகிவிடும், அதோடு பாறையில் ஏறினால் வழுக்கும். இரண்டு நாள் காய விடுங்கள். அவசரமென்றால் ஒரு குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு, பாறை தொடங்கும் இடத்தில் நின்று அடியைச் சுரண்டிவிட்டு ஏறுங்கள்.

கள்

நடை முடிந்த பிறகு. ஆற்றோரம் மிச்சம் இருக்கும்போது ஒரு கோப்பை கூட வேண்டாம்.

வன எல்லைக்குள் போவது

வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. வாளையார்ப் பக்கமும் கொல்லங்கோட்டுப் பக்கத்துத் தென்மலை அடிவாரமும் யானை நடமாடும் இடங்கள்.

தனியாக வட்டம் போடுவது

போகலாம், நானும் போகிறேன். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறேன், எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருப்பேன், எத்தனை மணிக்கு மேல் என்னைத் தேட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். கரட்டின் மறுபக்கம் போனில் சிக்னல் கிடையாது, வெயிலில் போன் சூடாகி அணைந்தும் போகும். தாள் அத்தையிடம் இருக்கும். மணி ஒன்றைத் தாண்டினால் அவர் மாமாவிடம் கொடுப்பார். மாமா வண்டியை எடுத்துக்கொண்டு வடகரைக்குத்தான் வருவார்.